எவ்வளவு வேகம் போதும்?

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்னும் வேகமான ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்று நினைப்பது தேவையா, ஆசையா? தேவை ஓரிடத்தில் நிறைந்துவிடும். ஆசைக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. எந்தத் தொழிலின் கருவிக்கும் அளவிலும் எண்ணிக்கையிலும் ஓர் எல்லை உண்டு என்று ‘அரசியல்’ நூலின் முதல் பகுதியில் அரிஸ்டாட்டில் எழுதினார். அந்த எல்லையை விதிப்பது செய்யவேண்டிய வேலை. டிஸ்க்கின் வேகத்துக்கும் இதுவே அளவுகோல் என்பது என் கட்சி.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம்; ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர வேண்டும். பிறகு வேண்டிய இடம் சுழன்று வரும்வரை சராசரியாக அரைச் சுற்று நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பத்து மில்லி விநாடியைத் தாண்டிவிடும். ஒரு தடவைக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தேடிப் படிக்க வேண்டியிருப்பதால்தான் அது தயாராக அவ்வளவு நேரம் இழுக்கிறது. தட்டுக்குப் பதில் மெமரி சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே கிடையாது. தேடல் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிகிறது. இந்த மாற்றம் தேவையைச் சேர்ந்தது. அதற்கு மேலே? சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்.எஸ்.டி. விநாடிக்குச் சுமார் 550 மெகாபைட் படிக்கும், என்.வி.எம்.இ. என்ற புதிய வகையில் அது 3,500, 7,000 என்று ஏறுகிறது. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் சினிமா பார்க்கவும் அந்த ஏற்றம் அநேகமாகத் தெரியாது. பத்தில் ஒரு விநாடிக்குள் வரும் பதில் மனிதருக்கு உடனடியாகவே படும் என்று 1968-லேயே ஆய்வாளர் ராபர்ட் மில்லர் எழுதினார். அதற்கும் கீழே மிச்சப்படும் நேரத்தை யாரும் உணர்ந்து அனுபவிப்பதில்லை.

காத்திருக்கப் பழகுவதுதானே பக்குவம், அதை ஏன் காசு கொடுத்துத் தொலைக்க வேண்டும் என்று கேட்கலாம். நோயாளி தேறும்வரை, குழந்தை சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கும்போது எதிரே ஓர் உயிர் இருக்கிறது. முனை தடம் தேடும் நேரத்தில் எதுவும் விளைவதில்லை. அந்த வீண் தாமதத்தைச் சகிப்பதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தால் பொறுமைக்குத்தான் இழுக்கு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது வேகமானதையே வாங்கினால் என்ன குற்றம் என்பது அடுத்த கேள்வி. குற்றமே இல்லை. 4கே வீடியோ எடிட் செய்பவருக்கு 7,000 கூடத் தேவைக்குள் அடங்கும். ஆசையை அறுக்கச் சொல்லும் ‘அவாவறுத்தல்’ அதிகாரம் குறளில் துறவறவியலில் வருகிறது. குடும்பத்தில் இருப்பவரிடம் அந்தத் துறவை நான் கேட்கவில்லை, அளவை மட்டுமே கேட்கிறேன். என்னுடைய எந்த வேலை இப்போது டிஸ்க்குக்காகக் காத்து நிற்கிறது என்று வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் கிடைத்தால், அந்த வேலைக்குப் போதுமானதை வாங்கலாம். கிடைக்காவிட்டால், அதே பணத்தில் பேக்கப்புக்கு ஒரு டிஸ்க் வாங்குவது மேல். வேகம் குறைந்தால் சில விநாடிகள்தான் போகும். பேக்கப் இல்லாமல் அழிந்த குடும்பப் படங்கள் எந்த வேகத்தாலும் திரும்பி வரா.