விரும்பி ஏற்கும் துன்பம்

மனிதன் தானே விரும்பி வரித்துக்கொள்ளும் துன்பத்துக்கு அறப் பெறுமதி உண்டா என்னும் வினா மெய்யியலில் புதியதன்று. செல்வம் உடையோர் இடையிடையே சில நாட்களை ஒதுக்கி, எளிய உணவோடும் முரட்டு உடையோடும் வாழ்ந்து பழகவேண்டும் என உரோம மெய்யியலாளர் செனெக்கா தம் நண்பருக்கு எழுதினார். அவரோ பெருஞ்செல்வர். இவ்வினா என்னைப் பற்றிக்கொண்டது நூலகத்திலன்று; கனடாவின் மேற்குக் கரையில், மழையில் நனைந்த ஒரு கூடாரத்தில்.

சென்ற ஆண்டு செப்ரெம்பர் இறுதியில் அம்மாவும் நானும் மாமா குடும்பத்தாருடன் வன்கூவர் தீவின் நான்காம் இலக்க நெடுஞ்சாலை வழியே ரொபினோ நோக்கிச் சென்றோம். எண்ணூறு ஆண்டு வயதுடைய மரங்களும் நிற்கும் கதீற்றல் குறோவ் காட்டைத் தாண்டியதும் தொடங்கிய மழை, பசிபிக் கரையை அடைந்தும் ஓயவில்லை. ஈரக் கடற்காற்று மலைகளில் மோதி மேலெழுந்து குளிர்வதால் அங்கு ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பொழிகின்றது. இதனை அறிந்தே மக்கள் முற்பதிவு செய்து, கட்டணமும் செலுத்திக் கூடாரமடிக்கின்றனர். நனைவதற்கும் காசு!

மாமாவின் மகன் அதனை விடுதலை என்றான். நான் மறுக்கவில்லை. ஆயின், மரங்களுக்கிடையே மாமா நீலத் தறப்பாளை இழுத்துக் கட்டியபோது அம்மாவின் முகம் மாறிற்று. 2009இல் செட்டிகுளத்து முகாமில், ஆறு வயதுப் பிள்ளையான என்னை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டிருந்த ஓசை அது. அன்றிரவு அவர் வாகனத்திலேயே உறங்கினார்.

இரு தறப்பாள்களின் மேலும் விழுந்தது மழைதான். ஆனால் இங்கே வாகனச் சாவி மாமாவின் சட்டைப்பையில் இருந்தது. புறப்படும் நாளும் தெரிந்திருந்தது. முடியும் நாள் தெரிந்த துன்பம் உடலைப் பழக்கலாம். முடிவு தெரியாதவரின் அச்சத்தை அது நமக்குக் கற்பிக்காது. செனெக்கா நாடியது பிறர் துயரை அறிதலன்று, தம் அச்சத்தை வெல்லுதலே எனின், அவ்வளவில் அவர் கூற்றை ஏற்கலாம். அதற்கு மேல் ஏற்க என்னால் இயலவில்லை.

அக்கரையின் தொல்குடியினரான நூ-சா-நூல்த் மக்களை நோக்குமிடத்து இது மேலும் தெளிவாகின்றது. அவர்கள் சீடர் மரத்தைப் பிளந்து பலகையாக்கி, பல குடும்பங்கள் ஒருங்கே வாழும் பெருமனைகளைக் கட்டினர்; அதன் பட்டையைப் பின்னித் தொப்பியும் மேலாடையும் ஆக்கினர். மழையோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் நனையாதிருக்கவே வழி தேடினர். இதனை அம்மாவிடம் சொன்னேன். "அவையள் விளங்கின ஆக்கள்" என்றார்.

எனினும் மாமாவின் மகன் அடைந்த மகிழ்ச்சியைப் பொய்யென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையில் மழை விட்டதும் அவன் தறப்பாளைக் கழற்றி, ஒழுங்கின்றிச் சுருட்டத் தொடங்கினான். அம்மா வாகனத்திலிருந்து இறங்கி வந்து, அதனை வாங்கி நீரை உதறி, மூலைக்கு மூலை பிசகாமல் மடித்து அவன் கையில் கொடுத்தார்.