கழுவாமல் கணக்குச் சொல்லலாமா?



அண்மையில் அளவெட்டியிலே ஒரு கராச்சில் அரைநாள் இருக்க நேர்ந்தது. பழைய ஏ40 வான் ஒன்றின் எஞ்சினை இறக்கி, பாகங்களைச் சாக்கில் பரப்பியிருந்தார்கள். 1990களின் பொருளாதாரத் தடையை அனுபவித்தவர்களுக்கு இந்த வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பெற்றோலும் டீசலும் வராத குடாநாட்டில், ஒஸ்ரினும் மொறிசும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளியும் மணமகளும் பிரேதமும் அவற்றிலேதான் போனார்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலே மூட்டை முடிச்சுகளைத் தென்மராட்சிக்குச் சுமந்தவற்றிலும் இவை இருந்தன.

அந்த ஊழியத்துக்கு எஞ்சின்கள் விலை கொடுத்தன. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாத பங்கு சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடியிலுள்ள ஒயிலையும் நீர்க்கச் செய்யும். பிறகு றிங்சும் தேயும், பெயாரிங்கும் தேயும்.

கரி அப்பிக் கிடந்த அந்த இரும்பைப் பார்த்து, “இதைப் பழைய இரும்புக்குக் கொடுத்தால் என்ன, ஐயா?” என்று கேட்டேன். மெக்கானிக் எழுபது தாண்டியவர். நெற்றி நிறையத் திருநீறு. “கழுவிப் பாராமல் என்னெண்டு சொல்லுறது, பாதர்?” என்றார்.

கழுவினார். பிறகு அளந்தார். சிலிண்டரை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை. றிங்ஸ் திரும்பும் மேற்பகுதியிலே தேய்வு அதிகமாம். கிராங்கின் ஒவ்வொரு கழுத்தையும் இரண்டு திசையில் அளந்தார், வட்டம் முட்டையாகி இருக்கிறதா என்றறிய. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்துப் பெரிய பிஸ்ரன் போடலாம். கிராங்கைச் சாணைபிடித்துத் தடித்த பெயாரிங் போடலாம். நான் இரும்புக்குத் தீர்ப்பிட்டவற்றில் பெரும்பங்கு பிழைத்துக்கொண்டது!

ஆனால் எல்லாவற்றையும் அவர் மன்னித்துவிடவில்லை. கிராங்கைக் கயிற்றில் தொங்கவிட்டு மெல்லத் தட்டினார். வெடிப்பிருந்தால் மணியோசை வராமல் ஓசை செத்துப்போகுமாம். (தவில் மேதை தட்சிணாமூர்த்தி வாழ்ந்த ஊரல்லவா, காதுக்குச் சொல்லவேண்டுமா!) அது நன்றாகவே ஒலித்தது. மினுமினுத்த சிலிண்டர் ஹெட்டிலே மண்ணெண்ணெய் பூசித் துடைத்து, சோக்குத் தூளைத் தூவினார். சற்று நேரத்தில் வெண்தூளின் நடுவே மயிர்போல ஒரு கறுப்புக்கோடு ஊறியது. அதுவே வெடிப்பு. பார்வைக்கு மிக அழகான பாகம் ஒதுக்கி வைக்கப்பட்டது.

கழற்றிய பெயாரிங் மூடிகளிலோ இலக்கம் பொறித்திருந்தது. முதலாவதன் மூடி இரண்டாவதற்குப் பொருந்தாது. ஒன்றாய்ச் சேர்த்துக் கடைந்தவை, தத்தம் இடத்துக்கே திரும்பவேண்டும்.

வாசகர்களே, எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. சில கிழமைகளுக்கு முன் ஒரு தாய் என் அறைக்கு வந்து அழுதார். மகன் போதைக்கு அடிமைப்பட்டு, வீட்டு நகையை விற்று, சிகிச்சைக்குப் போய்த் திரும்பியவன். “தங்கச்சியின்ர கலியாணத்துக்கு அவனைக் கூப்பிடாமல் விடட்டோ, சுவாமி? ஆக்கள் என்ன சொல்லுவினம்?” என்று கேட்டார். வேறொரு வேலை அவசரத்தில் இருந்த நான், “கூப்பிடாமல் விடுறதுதான் நல்லது” என்றேன். அந்தப் பிள்ளையை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. அவன் சிகிச்சையை முடித்தானா, இப்போது எங்கே வேலை செய்கிறான் என்றுகூட நான் கேட்கவில்லை.

லூக்காஸ் எழுதிய நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்திலே, மூன்றாண்டாகக் காய்க்காத அத்திமரத்துக்காக ஒரு தோட்டக்காரன் பரிந்து பேசுகிறான். மரம் நல்லதென்று அவன் வாதாடவில்லை. கட்டாயம் காய்க்கும் என்று வாக்குக் கொடுக்கவுமில்லை. ஓராண்டு தவணை கேட்கிறான். சுற்றிக் கொத்தி எருவிடுவதாகச் சொல்கிறான். அதற்குப் பிறகும் காய்க்காவிட்டால் வெட்டலாம் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். அந்தக் கண்டிப்பை நாம் பிரசங்கத்தில் நன்றாகவே சொல்கிறோம். கொத்துகிற வேலையையோ பெரும்பாலும் தாய்மாருக்கு விட்டுவிடுகிறோம்.

கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. நாளை பின்னேரம் அந்த வீட்டுக்குப் போகிறேன். முதலில் தாயிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். பிறகு மகனோடு இருந்து பேசவேண்டும்.