உயர்ந்தவனுக்குத் தண்டனையா?

சமத்துவம் வேண்டும் என்று பேசுவோர் அனைவரும் ஒரு கேள்விக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவராவர். சமத்துவம் என்பது தாழ்ந்தவனைக் கைதூக்கி விடுவதா? அன்றி, உயர்ந்தவனைப் பிரித்து அப்பால் அனுப்புவதா? பின்னதே எளிய வழி. ஆதலின் உலகத்தார் பெரும்பாலும் அதனையே கைக்கொள்ளுகின்றனர். அங்ஙனம் கைக்கொள்ளுங்கால் அதன் சுமை எவர் தோள்மீது இறங்குகின்றது என்பதைச் சிந்திப்போர் மிகச் சிலரே. இதனை ஆராய்வதற்கு நாம் எடுத்துக்கொண்ட சான்று தத்துவ நூல்களினின்றும் வந்ததன்று. இங்கிலாந்து தேசத்தில் நடைபெறும் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயத்தினின்றும் வந்தது. விளையாட்டுத்தானே என்று நேயர்கள் இதனை ஒதுக்கலாகாது. ஒரு சமூகத்தார் எதனை நீதி என்று கருதுகின்றனர் என்பது நியாயஸ்தலத்தில் வெளிப்படுவது போலவே, விளையாட்டு மைதானத்திலும் வெளிப்பட்டே தீரும்.

அப்பந்தயத்தின் பெயர் ஸ்பீட்வே. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த இவ்விளையாட்டு, 1928-ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனுக்கருகில் ஹை பீச் என்னுமிடத்தில் நடந்த பந்தயத்தோடு இங்கிலாந்தில் வேரூன்றியது. மறு ஆண்டே கோஷ்டிகளுக்கிடையே லீக் போட்டிகள் தொடங்கிவிட்டன. நீள்வட்டமான மண்பாதையில் நால்வர் ஒருங்கே புறப்பட்டு, இடப்புறமாகத் திரும்பித் திரும்பி நான்கு சுற்று வருவர். அவர்தம் 500 சி.சி. வண்டிக்குப் பிரேக் கிடையாது; கியரும் ஒன்றே; எரிபொருளோ மெதனால். வளைவிலே பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, எஃகுத் தகடு பொருத்திய இடக்காலைத் தரையில் தேய்த்தே திரும்புதல் வேண்டும். நால்வரில் இருவர் ஒரு கோஷ்டியார்; இருவர் எதிர்க் கோஷ்டியார். முதல்வனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, மூன்றாமவனுக்கு ஒன்று, கடையனுக்கு ஒன்றுமில்லை.

வசந்தத்தில் தொடங்கி அக்டோபர் அளவில் பருவம் முடியும். அதன்பின்னர் குளிர்காலம். வண்டிகளின் ஓசை அடங்கும். அபிமானிகளின் பேச்சோ அப்பொழுதுதான் ஓங்கும். சென்ற ஆண்டு ஆடியவர்களில் எவர் நிலைப்பர்? எவர் பிறகோஷ்டிக்குச் செல்வர்? புதிதாக ஒப்பந்தம் செய்யப்படுவோர் யாவர்? அடுத்த பருவத்திற்கு எந்தக் கம்பெனி ஆதரவுப் பணம் கொடுக்கும்? கோஷ்டியை நடத்துவோர் ஒவ்வொரு பெயராக வெளியிட வெளியிட, அபிமானிகள் கையில் பென்சிலும் காகிதமும் கொண்டு கூட்டிக் கழித்துக் கொண்டிருப்பர். அவர்கள் கூட்டுவது பணத்தையன்று, மனிதர்களை. இதுவே நாம் கவனித்தற்குரிய செய்தி.

அதனை விளக்குவோம். ஒவ்வொரு வீரனுக்கும் சராசரி எண் என்று ஒன்றுண்டு. நான்கு ஓட்டங்களுக்கு அவன் எத்தனை புள்ளி பெறுகின்றான் என்பதே அவ்வெண். தன் தோழனை முன்னே விட்டு, எதிரியைப் பின்னே நிறுத்தி வருபவனுக்குக் கிடைக்கும் போனஸ் புள்ளியும் அதனுள் அடங்கும். கோஷ்டி அமைக்கும்பொழுது அதில் சேரும் வீரர்களுடைய சராசரிகளின் கூட்டுத்தொகை, விதித்த வரம்பைத் தாண்டலாகாது. வரம்பு ஆண்டுக்காண்டு மாறும். அது நாற்பது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஏழு பேருடைய எண்கள் 9, 7, 6, 6, 5, 4, 3. கூட்டினால் சரியாக நாற்பது. பருவம் முடிந்தது. ஐந்து பெற்ற இளைஞன் இரவுபகலாகப் பயின்று ஏழுக்கு உயர்ந்தான். நான்கு பெற்றவன் ஐந்தரைக்கு வந்தான். ஏனையோர் இருந்தபடியே இருந்தனர். கோஷ்டி கோப்பையையும் வென்றிருக்கலாம். ஆயின் கூட்டுத்தொகை இப்பொழுது 43.5. அடுத்த ஆண்டு இவ்வெழுவர் ஒன்றாக நிற்க விதி இடந்தராது. ஏழுக்கு உயர்ந்த இளைஞனை அனுப்பிவிட்டு, மூன்றரை பெறும் ஒருவனைச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். வேறொருவனை அனுப்பியும் கணக்கைச் சரிக்கட்டலாம். எங்ஙனமாயினும் ஒன்று உறுதி: முன்னேறியவன் தன் முன்னேற்றத்திற்குத் தானே விலை கொடுத்தல் வேண்டும், அன்றேல் அவன் தோழன் கொடுத்தல் வேண்டும்.

இச்சட்டத்தை இயற்றியோர் தீயவர்களல்லர். அவர்தம் நோக்கத்தை நாம் நடுநிலையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். யுத்தம் முடிந்து 1946-ஆம் ஆண்டில் லீக் மீண்டும் தொடங்கிய காலை, வீரர்கள் ஒரு பொதுத் தொகுதியினின்றும் கோஷ்டிகளுக்குப் பங்கிடப்பட்டனர். அங்ஙனம் பங்கிட்டும், செல்வாக்கு மிகுந்த வெம்பிளி கோஷ்டி 1949 முதல் 1953 வரை ஐந்து ஆண்டுகள் இடைவிடாது முதன்மை பெற்றது. 1965-இல் பிரிட்டிஷ் லீக் 18 கோஷ்டிகளோடு அமைந்தபொழுதும், வலிமையைச் சமப்படுத்த வீரரை இடம் மாற்றும் ஒரு குழு வேலை செய்தது. பணம் படைத்தவன் நல்லோரையெல்லாம் வாங்கிக் குவித்துவிட்டால், ஏனையோர் தோற்பதற்கென்றே வருதல் வேண்டும். தோல்வி முன்னரே தெரிந்த பந்தயத்தைக் காண எவர் காசு கொடுப்பர்? காண்போர் இல்லையேல் கோஷ்டி இல்லை; கோஷ்டி இல்லையேல் வீரனுக்கும் பிழைப்பில்லை. இவ்வாதம் வலியுடையதே.

கட்டின்றி விட்டால் என்னாகும் என்பதற்குப் போலந்து தேசத்தைச் சிலர் சுட்டுவர். அங்கு லூப்லின் நகரக் கோஷ்டி 2022-ஆம் ஆண்டில் கொர்சூவ் நகரக் கோஷ்டியை வென்று முதன்மை பெற்றது. கொர்சூவிலே பயின்று வளர்ந்து உலகப் பட்டமும் பெற்ற பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக் மறு ஆண்டு அந்த லூப்லினுக்கே சென்று சேர்ந்தார். லூப்லின் 2023, 2024 ஆகிய ஆண்டுகளிலும் வாகை சூடிற்று. அவர் சென்றது பிழையென்று நாம் கூறமாட்டோம். தன் உழைப்பை எவரிடம் விற்பது என்பதைத் துணியும் உரிமை உழைப்பவனுடையதே. ஆயினும், தோற்றவனிடமிருந்த மணியும் வென்றவன் முடிக்கே போய்ச் சேருமாயின், சிற்றூர்க் கோஷ்டியின் அபிமானி மனம் வாடுவது இயல்பன்றோ?

மேலும், ஒரு கோஷ்டி மறைவது எத்தகைய துன்பம் என்பதை இங்கிலாந்தின் அபிமானிகள் கண்ணாரக் கண்டவர்கள். கவென்ட்ரி கோஷ்டி தன் பிராண்டன் மைதானத்தை 2016-ஆம் ஆண்டோடு இழந்தது. 2023-ஆம் ஆண்டோடு வுல்வர்ஹாம்ப்டனிலும் பீட்டர்பரோவிலும் பந்தயம் நின்றது. இவை நின்றது புள்ளிக் கணக்கினாலன்று. மைதானம் கையைவிட்டுப் போனமையால். தந்தை தோளிலிருந்து பந்தயம் கண்ட பிள்ளை, தன் பிள்ளைக்குக் காட்ட இடமின்றித் திகைக்கின்றான். இருக்கும் கோஷ்டிகளேனும் நிலைக்கட்டும் என்று அவர்கள் அஞ்சுவதை நாம் இகழலாகாது.

அச்சம் நியாயமே. அச்சத்திற்குக் கண்ட மருந்து நியாயமா என்பதுதான் கேள்வி. கோஷ்டிக்கும் கோஷ்டிக்கும் சமத்துவம் உண்டாயிற்று, நன்று. அச்சமத்துவத்தின் செலவைக் கொடுத்தவன் யாவன்? கோஷ்டியை நடத்தும் முதலாளியா? அவன் ஒருவனை விலக்கி ஒருவனைச் சேர்த்துக்கொண்டான். மைதானத்திற்கு உரியவனா? அவனுக்கு வாடகை வந்துகொண்டேயிருக்கின்றது. கொடுத்தவன் வண்டி ஏறும் வீரனே. இங்கிலாந்தின் ஸ்பீட்வே வீரனுக்கு மாதச் சம்பளம் என்பது வழக்கமில்லை. ஏறிய ஓட்டத்திற்கும் பெற்ற புள்ளிக்குமே கூலி. வண்டி அவனுடையது, எஞ்சினைப் பழுதுபார்க்கும் செலவும், டயர் வாங்கும் செலவும் அவனுடையவையே. எலும்பு முறிந்தால் படுக்கையும் அவனுடையது. படுத்திருக்கும் நாளுக்குப் புள்ளி ஏது? நம் தோட்டங்களிலே நிறுத்த பாலுக்குத் தக்க கூலி பெற்று, மழை பெய்த நாளில் வெறுங்கையோடு லயத்திற்குத் திரும்பியவர்களுக்கு இவ்வேற்பாட்டை விளக்கிக் கூறவேண்டுவதில்லை.

இங்கு மற்றொரு விபரீதமும் நிகழ்கின்றது. இவ்விதியினால் சொற்களின் பொருளே தலைகீழாகி விடுகின்றது. குளிர்காலப் பேச்சிலே ‘நல்ல எண் உடையவன்’ என்றால் உயர்ந்த எண் உடையவன் என்று நேயர்கள் எண்ணுவீர்கள். அன்று. சென்ற ஆண்டு காயத்தினாலோ, எஞ்சின் கோளாற்றினாலோ, வீட்டுத் துன்பத்தினாலோ புள்ளி குறைந்தவனே விரும்பத்தக்கவன். ஏனெனில் அவன் மலிவு. இவ்வாண்டு எண்ணுக்கு மேற்பட்டு ஓட்டுவான் என்பது நம்பிக்கை. ஒருவனுடைய கெட்ட காலம் பிறர்க்கு நல்ல சரக்காகின்றது. அவன் நன்றாக ஓட்டினாலோ, ‘இவன் விலை ஏறிவிட்டது, இனி நமக்குப் பொருந்தான்’ என்று கையை விரிக்கின்றனர். தோழனுக்கு வழிவிட்டுப் பெற்ற போனஸ் புள்ளியும் எண்ணை உயர்த்துமாதலின், ஒருவன் தன் கோஷ்டிக்குச் செய்த உதவியே அக்கோஷ்டியினின்றும் அவனை வெளியேற்றவுங் கூடும். நன்மை செய்தவனை நன்மையே தண்டிக்கும் ஏற்பாட்டை நீதி என்று எவ்வாறு சொல்லுவது?

‘விலக்கப்பட்டவன் பட்டினி கிடப்பதில்லை, வேறு கோஷ்டி அவனை ஏற்றுக்கொள்ளும்’ என்று மறுப்பார் உளர். மிகச் சிறந்தவனுக்கு இது பொருந்தும். அவனை எங்கும் வரவேற்பர். நடுத்தரமானவன் நிலை அங்ஙனமன்று. எங்கு எத்தனை எண் மிஞ்சியிருக்கின்றதோ அதற்கேற்ற ஆளையே தேடுவர். நான்கு எண்ணுக்கு இடமுள்ள கோஷ்டியிலே ஐந்து எண்ணுடையவன் நுழைய முடியாது. திறமையில் குறைந்தமையாலன்று, ஒன்று மிகுந்தமையால் அவன் வாயிலில் நிற்கின்றான். இடம் கிடைத்தாலும் அது நூறு கல் தொலைவிலிருக்கலாம். பழைய ஊரிலே அவனுக்கு ஆதரவுப் பணம் தந்த மளிகைக் கடைக்காரரும் மோட்டார் பட்டறைக்காரரும், வேற்றூருக்குச் செல்பவனுக்கு ஏன் தருவார்கள்?

இனி அவ்வாதரவுப் பணத்தைப் பற்றியும் சிறிது சொல்லுதல் வேண்டும். அது இருவகைப்படும். ஒன்று வியாபாரியின் பணம்; தன் பெயர் வீரன் மார்பிலும் வண்டியிலும் எழுதப்படவேண்டும் என்பதற்காகத் தருவது. போலந்திலே கோஷ்டியின் பெயருக்கு முன்னே கம்பெனியின் பெயரையும் சேர்த்து வழங்குகின்றனர். அது கொடுக்கல் வாங்கல்; அதில் ஒளிவுமறைவில்லை; ஆதலின் அதனைப் பழிப்பதற்கில்லை. மற்றொன்று அபிமானிகள் தங்கள் வாரக் கூலியினின்றும் சிறுகச் சேர்த்துத் தருவது. ஒருவனுக்கு டயர் வாங்கித் தருவர். காயமுற்றவனுக்காக மைதானத்தில் வாளி ஏந்தி நாணயம் திரட்டுவர். இப்பணம் சராசரியைப் பார்த்துக் கொடுக்கப்படுவதன்று. விழுந்தவன் எத்தனை புள்ளி பெற்றவன் என்று வாளியில் காசு போடும் கிழவி கேட்பதில்லை.

ஆகவே ஒரே மனிதனிடத்தில் இரண்டு மனம் குடியிருத்தலைக் காண்கின்றோம். மைதானத்தில் வாளியருகே நிற்கும்பொழுது அவன் வீரனை மனிதனாகக் காண்கின்றான். குளிர்காலத்தில் காகிதத்தின்முன் அமரும்பொழுது அதே வீரனை 5.62 என்று காண்கின்றான். கிராணி உத்தியோகம் பார்க்கும் நாம் இதனைப் பிறர் குற்றமென்று தள்ளிவிடுவதற்கில்லை. செக்ரோலிலே பெயருக்கு நேரே எண்ணை எழுதும் கை, அவ்வெண்ணுக்குரிய ஆளை மறந்துவிடுவது எத்துணை எளிது என்பதை நாம் அறிவோம். எண் இன்றிக் கணக்கில்லை; கணக்கின்றி நியாயமான கூலியுமில்லை. எண்ணை ஒழிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. எண் வேலைக்காரனாக இருத்தல் வேண்டும். எசமானனாகி விடலாகாது என்றே சொல்லுகின்றோம்.

அங்ஙனமாயின் வரம்பை எடுத்துவிடலாமோ? எடுத்தால் செல்வனே செழிப்பான். ஆதலின் அதுவும் வழியன்று. வரம்பு இருக்கட்டும், ஆயின் அதன் சுமை மாறட்டும். ஒருவன் எந்தக் கோஷ்டியிலே உயர்ந்தானோ, அந்தக் கோஷ்டியிலே அவன் தொடர்ந்து நிற்குமளவும், அவன் அங்கு உயர்ந்த அளவைக் கணக்கில் தள்ளிவிடலாம். பிறர் வளர்த்தவனை வாங்கிச் சேர்ப்பவனுக்கு முழு எண்ணையும் கணக்கிடலாம். இதனால் வளர்த்தவனுக்கு வளர்த்த பயன் கிட்டும். வாங்கிக் குவிப்பவனுக்குத் தடையும் இருக்கும். உழைத்து உயர்ந்தவன் தன் ஊரிலேயே நிற்பான். இதனாலும் சில கோஷ்டிகள் சிற்சில ஆண்டுகள் ஓங்கி நிற்கக்கூடும் என்பது உண்மையே. வளர்த்ததனால் வந்த ஓக்கம் பிறரையும் வளர்க்கத் தூண்டும். வாங்கியதனால் வந்த ஓக்கமோ பிறரையும் கடன்படவே தூண்டும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் பொருந்தாது.

சமத்துவத்தை நாடுவோர்க்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. கூட்டத்திற்கும் கூட்டத்திற்கும் சமன் செய்துவிட்டோம் என்று மகிழ்ந்து, அச்சமனுக்காக எவன் இடம் பெயர்ந்தான் என்று கேளாதிருப்பது பாதி நீதியேயாம். எந்தச் சட்டத்தையும் அதனால் பயனடைந்தவர் வாயினின்றும் கேட்டு மதிப்பிடுதல் போதாது. அதனால் வெளியே நிறுத்தப்பட்டவனையும் அழைத்துக் கேட்டல் வேண்டும். அடுத்த குளிர்காலத்திலும் அவ்வபிமானிகள் பென்சிலோடு அமர்வர், கூட்டுவர், கழிப்பர். கழிக்கும்பொழுது, கழிக்கப்பட்டவன் இவ்வாண்டு எங்கே ஓட்டுவான் என்று ஒரு முறையேனும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வாராயின், அக்கேள்வியே அவர்தம் விளையாட்டை அறமுடையதாக்கும்.