பிழையும் பிழைப்பும்

இரவு பத்தரை மணிக்கு அலைபேசி ஒலித்தது. எங்கள் துறையில் முதுகலை முடித்து, பிறகு பி.எட்.டும் முடித்த மாணவி. அந்த நேரத்தில் அழைக்கிறவள் அல்ல. "மேம், ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. அதன் பிறகு அவள் பேசாமல் இருந்த சில நொடிகளில் என் மனம் எங்கெங்கோ போய் வந்தது. ஓர் இளம்பெண் இரவில் அழைத்து அப்படிச் சொன்னால் நம் மனம் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

அவள் செய்த தப்பு இதுதான். தனியார் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர் வேலைக்கு மின்னஞ்சலில் விண்ணப்பித்திருக்கிறாள். முந்தின நாள் வேறொரு பள்ளிக்கு எழுதிய கடிதத்தையே எடுத்து மாற்றி அனுப்பியதில், இரண்டாம் பத்தியில் பழைய பள்ளியின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. தன்விவரக் குறிப்பை இணைத்திருப்பதாக எழுதியவள் அதை இணைக்கவில்லை. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கியிருக்கிறாள். அந்தப் பள்ளியின் முதல்வர் ஒரு பெண். அனுப்பிய அஞ்சலைத் திரும்ப இழுத்துக்கொள்ள ஜிமெயில் கொடுக்கிற அவகாசம் அதிகபட்சம் 30 நொடிகள். அவள் கவனித்தபோது மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

மன்னிப்புக் கடிதம் ஒன்றை எழுதி வைத்திருந்தாள். வாசிக்கச் சொன்னேன். 'மன்னிக்கவும்' என்ற சொல் ஆறு முறை வந்தது. அவளுடைய கவனக்குறைவு, வீட்டில் கணினி இல்லாதது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதது எல்லாம் இருந்தன. கடைசி வரியில், இந்தத் தவறுக்காகத் தன்னை நிராகரித்தாலும் ஏற்றுக்கொள்வதாக எழுதியிருந்தாள். தீர்ப்பையும் அவளே வழங்கியாகிவிட்டது.

அந்த மூன்று தவறுகளையும்விட இந்தக் கடிதம்தான் எனக்குக் கவலை தந்தது. ஒரு சிறு பிழைக்காக நாம் பிறருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்? அலுவலக நடைமுறை சார்ந்த கேள்விபோலத் தோன்றினாலும், இது அறம் சார்ந்த கேள்வி என்றே நினைக்கிறேன்.

பெண்கள் இந்தக் கணக்கை முதலில் கற்றுக்கொள்வது அடுக்களையில். குழம்பில் உப்பு கூடிப்போனால் என் அம்மா ஓர் உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுக் கொதிக்கவிடுவார். அது போதும். ஆனால் சாப்பாட்டுத் தட்டு பறந்த வீடுகளும் நம் தெருவில் இருந்தன. உப்புக்குத் தண்டனை தட்டு பறப்பது என்று பார்த்து வளர்ந்த பெண் பிள்ளைக்கு, பிழையின் அளவு எது, தண்டனையின் அளவு எது என்ற வேறுபாடே மறைந்துபோகிறது. அடி விழுவதற்கு முன்பே குனிந்துவிட்டால் வலி குறையும் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. பிறகு பள்ளிக்கூடம், விடுப்புக் கடிதத்தைத் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி' என்று முடிக்கக் கற்றுத் தருகிறது. அவள் எழுதிய ஆறு மன்னிப்புகளுக்குள்ளும் இந்தப் பாடங்கள் இருந்தன.

"அதை அனுப்பாதே. முதலில் தன்விவரக் குறிப்பை எனக்கு அனுப்பு. சேர்ந்து பார்ப்போம்" என்றேன்.

பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. இளங்கலையில் அவள் எடுத்தது 63 விழுக்காடு. குறிப்பில் 68 என்று இருந்தது. தட்டச்சில் நேர்ந்ததுதான்; அவள் பொய் சொல்கிறவள் அல்ல. இணைக்க மறந்ததே நல்லதாகப் போயிற்று என்று இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள்: "மேம், நேத்து அந்தப் பள்ளிக்கு இதைத்தான் அனுப்பினேன்."

"அப்படியானால் அவர்களுக்கும் எழுத வேண்டும்."

"அதை யாரு மேம் பாக்கப்போறாங்க? வேலைக்கு எடுத்தா அப்போ சர்டிஃபிகேட்ல சரியாத்தானே இருக்கும்?"

என்னை யோசிக்க வைத்த இடம் இதுதான். யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாத மூன்று பிழைகளுக்காக மாலையிலிருந்து அழுதவள், உண்மையிலேயே இன்னொருவரைப் பாதிக்கக்கூடிய ஒரு பிழையைக் கடந்துபோகத் தயாராக இருந்தாள். 65 விழுக்காடு எடுத்த இன்னொரு பெண் அதே வேலைக்கு விண்ணப்பித்திருக்கலாம். இந்த ஐந்து விழுக்காடு அவளைப் பின்னுக்குத் தள்ளும். அது தெரிந்த பிறகும் சும்மா இருந்தால், தட்டச்சுப் பிழை நம் செயலாக மாறிவிடுகிறது. அவளை நான் குறை சொல்லவில்லை. வெட்கத்தையே அளவுகோலாக வைத்து நம்மை வளர்த்திருக்கிறார்கள். பிறர் கண்ணில் படுவது பெரிய தவறு, படாதது தவறே இல்லை. பெண்ணை அடக்கி வைக்க அந்த அளவுகோல் நன்றாகப் பயன்படும். எது நியாயம் என்று அவள் தானே தீர்மானிக்க அது உதவாது.

தமிழில் 'பிழைத்தல்' என்ற ஒரே வினைக்கு இரண்டு பொருள்கள் உண்டு. அம்பு பிழைத்தது என்றால் குறி தவறியது. மான் பிழைத்தது என்றால் உயிர் தப்பியது. வயிற்றுப்பாட்டுக்கு நாம் சொல்லும் 'பிழைப்பு' என்ற சொல்லும் இதனோடுதான் நிற்கிறது. கிரேக்க மொழியில் பிழையைக் குறிக்கும் 'ஹமார்த்தியா' என்ற சொல்லும் குறிதவறுதல் என்ற பொருளை உடையது. அரிஸ்டாட்டில் தம் 'நிகோமாக்கிய அறவியல்' நூலில், எதிர்பாராமல் நேர்ந்த தீங்கையும், பிழையால் நேர்ந்ததையும், தெரிந்தே செய்த அநீதியையும் தனித்தனியே வைத்துப் பார்க்கிறார். பிழைக்கும் அநீதிக்கும் நடுவே கோடு கிழிக்கத் தெரிந்தவர்தான் நீதியைப் பேச முடியும்.

நம்மிடம் இதற்கு ஒரு கதையே இருக்கிறது. பாண்டியனின் ஆயிரம் பொன்னுக்காகப் பாட்டோடு போன தருமி, பசியோடு விண்ணப்பம் கொண்டுபோனவன்தான். அவன் கொண்டுபோனதும் இன்னொருவர் எழுதிக் கொடுத்தது, இன்றைய மாதிரிக் கடிதங்களைப் போல. பாட்டின் பொருளில் குற்றம் கண்டார் நக்கீரர். இறைவனுக்கே அஞ்சாத அவருடைய நேர்மையைத்தான் வகுப்பறைகளில் நாம் போற்றுகிறோம். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமியாக நடித்த நாகேஷ், பாட்டில் எத்தனை பிழை உண்டோ அதற்குத் தக்கபடி பரிசைக் குறைத்துக்கொண்டு மீதியைத் தரும்படி கேட்பார். திரையரங்கு சிரித்தது. எனக்கு இப்போது அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. பிழைக்கு ஏற்ற அளவு கழியுங்கள், முழுவதையும் பறிக்காதீர்கள் என்பது நியாயமான கோரிக்கை. இத்தனைக்கும் அங்கே நடந்த வழக்கு, பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்பது. அவையில் யாரும் ஒரு பெண்ணைக் கேட்கவில்லை.

நானும் நக்கீரராக இருந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தேன். தற்காலிகத் தமிழ் விரிவுரையாளர் பணி. ஓர் ஆணின் கடிதத்தில் நான்கைந்து எழுத்துப் பிழைகள் இருந்தன. "அவசரத்தில் அடித்திருப்பார்" என்றார் குழுவில் ஒருவர்; நாங்கள் தலையாட்டினோம். ஒரு பெண்ணின் அஞ்சல் தலைப்பில் 'விண்னப்பம்' என்று இருந்தது. "தமிழ் படித்தவள் இப்படி எழுதலாமா?" என்ற குரல் எழுந்தது. அந்தக் குரல் என்னுடையது. அந்தக் கடிதம் ஒதுக்கப்பட்டது.

ஆங்கில எழுத்து வழியாகத் தமிழை அடிக்கும் பல முறைகளில் சிறிய 'என்' னகரத்தைத் தரும், பெரிய 'என்' ணகரத்தைத் தரும். ஒரு விரல் ஷிஃப்ட் விசையைத் தொடாமல் போனதை நான் ஒரு பெண்ணின் புலமைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். தமிழ் கற்பிப்பவருக்கு எழுத்துப் பிழை பெரிய விஷயம் இல்லையா என்று கேட்கலாம். பெரிய விஷயம்தான். அதைச் சோதிக்க ஒரு பத்தியைக் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம், எல்லோருக்கும் ஒரே பத்தியை. ஒருவரின் பிழையை அவசரம் என்றும் இன்னொருவரின் பிழையைத் தகுதியின்மை என்றும் வாசித்தது எழுத்துப் பிழையைவிடப் பெரிய பிழை. அதைத் திருத்திக்கொள்ள அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்கு இன்று நினைவில் இல்லை.

அன்றிரவு இரண்டு அஞ்சல்கள் எழுதினோம். முதலாவது, 'மதிப்பிற்குரிய அம்மா' என்று தொடங்கியது. தன்விவரக் குறிப்பு மாலை இணையாமல் போய்விட்டது, இப்போது இணைத்துள்ளேன், கடிதத்தில் வேறொரு பள்ளியின் பெயர் தவறுதலாக வந்துவிட்டது, திருத்திய கடிதமும் இணைப்பில் உள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறேன். மூன்றே வாக்கியங்கள். 'ஐயா'வைப் பற்றித் தனியே ஒன்றும் எழுதவில்லை. சரியாக அழைத்ததே போதும். நெட் பிரச்சினை என்று போடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அனுப்பும் முன் தயங்கினாள்.

"இவ்வளவுதானா மேம்? திமிரா இருக்காதா?"

நிமிர்ந்து நிற்கிற பெண்ணுக்கு நம் ஊர் வைத்திருக்கிற பெயர் அது. ஒரு முறை வருந்துவது மரியாதை, ஆறு முறை வருந்துவது பயம் என்று சொன்னேன்.

இரண்டாவது அஞ்சல், முந்தின நாள் எழுதிய பள்ளிக்கு: இளங்கலை மதிப்பெண் 68 அல்ல, 63 விழுக்காடு. அதை எழுத அவளுக்கு நீண்ட நேரம் ஆயிற்று.

இன்றைய பள்ளியிலிருந்து பதில் வரவில்லை. நேற்றைய பள்ளி நேர்காணலுக்கு அழைத்தது, வேலை கிடைக்கவில்லை. மதிப்பெண்ணைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். அவள் இப்போதும் விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள். அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு முறை அனுப்புகிறாள். என் கண்ணுக்கும் சில தப்பிப்போகின்றன.