அக்கரையில் நின்ற தாய்

வேலை தேடலும் பிள்ளைப்பேறும் ஒரே வீட்டில் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தால், அங்கே இரண்டு விதமான காத்திருப்பு நடக்கிறது. ஒன்றுக்கு நாள் குறித்திருக்கிறது. கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 280 நாள் என்று கணக்கிட்டு மருத்துவர் ஒரு தேதி எழுதித் தருகிறார். சரியாக அந்தத் தேதியில் பிறக்கும் குழந்தைகள் குறைவு என்றாலும், பெரும்பாலும் கொஞ்சம் முன்பின்னாகப் பிறந்துவிடும். மற்றதற்கு நாளே கிடையாது. வேலை நாளைக்கே கிடைக்கலாம், ஒரு வருடமும் ஆகலாம். முதல் காத்திருப்பில் அவசரப்பட்டுப் பயனில்லை. இரண்டாவதில் சும்மா இருக்க வழியில்லை. மனிதன் செய்ய வேண்டியது எதுவரை, விட்டுவிட வேண்டியது எங்கிருந்து என்ற பழைய சமயக் கேள்வி இங்கே தினசரி எழும் கேள்வியாகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும், தென்கரையிலுள்ள திருச்சி மலைக்கோட்டையும் இந்தக் கேள்விக்கு மூன்று வெவ்வேறு கோணங்களில் விடை வைத்திருக்கின்றன.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வாடகைக்கு இருக்கும் ஒரு இளம் தம்பதியின் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். மனைவிக்கு மசக்கை இன்னும் விடவில்லை. காபி மணம் பட்டாலே குமட்டுகிறது. கணவன் ஃபில்டரைக் கொல்லைப்புறத்துக்கு எடுத்துப் போய் டிகாக்‌ஷன் இறக்குகிறான். இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்கு நேர்காணலுக்குப் போகிறான், மறுநாள் இரவு அதே வண்டியில் திரும்புகிறான். "சொல்லி அனுப்புறோம்" என்றிருப்பார்கள். தெருவில் பார்க்கிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி: "எத்தனாவது மாசம்?", "வேலை ஏதாவது அமைஞ்சுதா?" முதல் கேள்விக்கு மாதாமாதம் புதுப் பதில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் மாறுவதே இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்து, கடைசியில் அவன் கடைக்குப் போவதற்குக்கூடச் சந்து வழியைத் தேர்ந்தெடுக்கிறான்.

வேலை தேடுவது மனைவியாக இருந்தால் சுமை இன்னும் கூடுகிறது. மகப்பேறு நலம் பற்றிய சட்டம், 2017இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்புத் தருகிறது. ஆனால் பேறு எதிர்பார்க்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் அந்த நிறுவனத்தில் வேலை செய்திருக்க வேண்டும். ஏழாம் மாத வயிற்றோடு வேலை தேடுகிறவளை இந்த எண்ணிக்கை வெளியே நிறுத்திவிடுகிறது.

முயற்சியின் பக்கம் நிற்கும் கதை திருவானைக்காவில் இருக்கிறது. ஜம்புகேசுவரர் கோயிலின் ஐந்தாம் திருச்சுற்று மதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பெயர். சிவபெருமான் சித்தர் வடிவில் வந்து அந்த மதிலைக் கட்டுவித்தார் என்றும், அந்தி சாயும் நேரம் வேலைக்காரர்களுக்குக் கூலியாகத் திருநீற்றை அள்ளிக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாயிற்று என்றும் தலபுராணம் சொல்கிறது. கூலி கொடுப்பவன் கடவுளே ஆனாலும் உழைப்பின் அளவை மாற்றவில்லை என்பதுதான் கதையின் உயிர். தெய்வத்தால் ஆகாதது என்றாலும் முயற்சி தன் உடல் வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்ற பொருளில் திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரம் சொல்வதும் இதே நியாயம். அதே நூலின் ஊழ் அதிகாரமோ, ஊழைவிட வலியது எது என்று கேட்கிறது. இரண்டையும் எழுதியது ஒரே கைதான்.

ஆனால் இந்த நியாயம் வேலை தேடுகிறவனுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. மதில் கட்டியவர்களுக்கு வேலை ஏற்கெனவே இருந்தது. அவர்கள் கேட்டது கூலி. இவன் கேட்பதோ கல் சுமக்க ஓர் இடம். நூறு விண்ணப்பம் அனுப்பியவனின் கையில் திருநீறு திருநீறாகவே இருக்கும்போது, "உன் உழைப்பு போதவில்லை" என்று அவனிடம் சொல்வது கொடுமை. உழைப்புக்குக் கூலி உண்டு என்ற உண்மையைத் திருப்பிப் போட்டு, கூலி வராதவன் உழைக்காதவன் என்று முடிவுகட்ட அந்தக் கதையில் இடமில்லை.

ஸ்ரீரங்கத்தில் இந்தக் கேள்வி தத்துவ விவாதமாகவே வளர்ந்தது. பங்குனி உத்திர நாளில் கோயிலின் உற்சவமூர்த்தியான நம்பெருமாளும் ரங்கநாயகித் தாயாரும் சேர்த்தியில் ஒன்றாக எழுந்தருளியிருக்க, அவர்கள் முன்னே ராமானுஜர் சரணாகதி செய்தார் என்பது வைணவ மரபு. அவருடைய சரணாகதி கத்யம் அதிலிருந்து பிறந்தது. சரணாகதியில் உயிர் செய்ய வேண்டிய பங்கு எவ்வளவு என்பதில் பின்னால் வந்தவர்கள் பிரிந்தார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாயே வாயில் கவ்விக்கொண்டு போகிறது. வடகலையார் முதல் உவமையையும், தென்கலையார் இரண்டாவதையும் தங்கள் கொள்கைக்கு அடையாளமாகக் கொள்கிறார்கள். இறைவன் கருணை பாய்வதற்கு உயிரிடம் ஒரு சிறு வியாஜமாவது, அதாவது ஒரு சாக்காவது, வேண்டும் என்றார் வேதாந்த தேசிகர். இறைவனே வழி, உயிர் அதை விலக்காமல் இருந்தாலே போதும் என்றார் பிள்ளை லோகாசாரியர். அடையும் பொருளைப் 'பேறு' என்பது வைணவ உரையாசிரியர்களின் வழக்கு. பிள்ளைப்பேறு என்ற சொல்லிலும் அதே பேறு இருக்கிறது. குழந்தையை யாரும் சம்பாதிப்பதில்லை, பெறுகிறார்கள்.

இந்த இருவரின் கொள்கையைவிட, கொள்கையோடு அவர்கள் வாழ்ந்த விதம் கூடுதலாகக் கற்றுத் தருகிறது. 14ஆம் நூற்றாண்டில் டெல்லி சுல்தானின் படை ஸ்ரீரங்கத்தை நெருங்கியபோது, பிள்ளை லோகாசாரியர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. முதுமையிலும் நம்பெருமாளைச் சுமந்துகொண்டு சிலரோடு தெற்கே கிளம்பினார். மதுரைக்கு அருகே, இன்று கொடிக்குளம் எனப்படும் ஜோதிஷ்குடியில் உயிர் நீத்தார். நம்பெருமாள் ஊர் திரும்பியது 1371இல்தான். பெருமான் நம்மைத் தூக்கிச் செல்வான் என்று போதித்தவர், பெருமானைத் தூக்கிச் சென்றார். தேசிகரோ பிணங்களுக்கு நடுவே ஒளிந்து கிடந்து, சுதர்சன சூரியின் 'சுருதப்பிரகாசிகை' ஏட்டையும் அவருடைய இரு பிள்ளைகளையும் காப்பாற்றினார் என்று குருபரம்பரை சொல்கிறது. பூனைக்குட்டி நியாயம் சோம்பலுக்குச் சீட்டு எழுதித் தருகிறது என்று நினைப்பவர்கள் லோகாசாரியரின் கடைசிப் பயணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் விட்டது வேலையை அல்ல, வேலையின் முடிவு தன் கையில் இருக்கிறது என்ற எண்ணத்தை. வேலை தேடுகிறவன் மறுநாளும் விண்ணப்பம் எழுதத்தான் வேண்டும். பதில் வராத இரவில் அவனைத் தூங்கவிடுவது இந்த எண்ண மாற்றம்தான்.

சரணாகதியின் அங்கங்களில் கார்ப்பண்யம் என்று ஒன்று உண்டு: தன்னால் ஆகவில்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொள்வது. ஆண்பிள்ளைக்கு வேலையில்லாமல் இருப்பது வெட்கம் என்று ஊர் பழக்கி வைத்திருக்கிறது. மனைவியிடம்கூட நிலைமையை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இயலாமையைக் குற்றமாக அல்லாமல் வழிபாட்டின் ஓர் உறுப்பாகவே வைத்த மரபு அவர்கள் தெருக்கோடியில் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லத்தான் ஆள் குறைவு. இதற்கு மாறாக அடிக்கடி சொல்லப்படுவது தேசிகரின் வைராக்கியம். விஜயநகர அரசவைக்கு வித்யாரண்யர் அழைத்தபோது அவர் மறுத்து, வீடுவீடாக அரிசி பெற்று வாழும் உஞ்சவிருத்தியிலேயே காலம் தள்ளினார் என்பார்கள். அது உயர்ந்த வாழ்க்கை. ஆனால் அது வந்த வேலையை வேண்டாம் என்றவரின் துறவு. வேலையே வராதவனுக்கு, அதுவும் பிரசவச் செலவு முன்னால் நிற்கும்போது, அதை உபதேசமாகச் சொல்வது பொருந்தாது.

இன்னொரு பேச்சும் இந்த வீடுகளில் எழுகிறது. குழந்தை பிறந்த கையோடு வேலை கிடைத்தால் "பிள்ளை பிறந்த நேரம், அப்பனுக்கு நல்ல காலம்" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் வேலை கிடைக்காமல் போனாலோ, இருந்த வேலை போனாலோ, அதே வாய் "பிறந்த நேரம் சரியில்லை" என்கிறது. கண் திறக்காத குழந்தையின் தலையில் அப்பனின் பிழைப்பு ஏற்றப்படுகிறது. அது பெண் குழந்தையானால் அந்தச் சொல் பல வருடம் கூடவே வரும். வினைக் கொள்கையை ஏற்பவர்களுக்கும் இது ஏற்புடையதாக இருக்க முடியாது. ஒவ்வொரு உயிரும் தன் வினையைத் தானே நுகர்கிறது என்பதே அந்தக் கொள்கையின் அடிப்படை. அப்பனின் வேலை அப்பனின் கணக்கு. நிறுவனங்களின், சந்தையின், காலத்தின் கணக்கும் அதில் கலந்திருக்கிறது. குழந்தைக்கு அதில் பங்கில்லை.

மூன்றாவது விடை மலைக்கோட்டையில், உச்சிப் பிள்ளையாருக்குப் போகும் வழியில் பாதி மலையில் இருக்கும் தாயுமானசுவாமி கோயிலில் உள்ளது. திருச்சியில் வாழ்ந்த ரத்னாவதி என்ற செட்டிப்பெண்ணுக்கு நிறைமாதம். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து அவள் தாய் பிரசவ மருந்தும் மற்றப் பொருள்களும் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறாள். காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே நிற்க வேண்டியதாகிறது. இங்கே மகளுக்கு வலி எடுத்துவிட்டது. சிவபெருமான் அந்தத் தாயின் உருவிலேயே வந்து பிரசவம் பார்த்து, வெள்ளம் வடியும்வரை உடனிருந்து கவனித்துக்கொள்கிறார். செவ்வந்திநாதருக்குத் தாயுமானவர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது என்பது தலவரலாறு. சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்ற நிகழ்ச்சியாக இது ஆண்டுதோறும் நடக்கிறது. சுகப்பிரசவம் வேண்டி வரும் கர்ப்பிணிகளும் அவர்கள் தாய்மாரும் படியேறி வந்து, ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்கி நின்று, திரை விலகக் காத்திருக்கிறார்கள். குழந்தை பிறந்த பின் வாழைத்தார் சமர்ப்பிப்பது வழக்கம்.

இந்தக் கதையைக் கர்ப்பிணியின் பக்கமிருந்தே எல்லோரும் கேட்கிறார்கள். அக்கரையில் மூட்டையோடு நின்றவளின் பக்கமிருந்து கேட்டால், அது வேலை தேடும் தகப்பனின் கதையாகவும் இருக்கிறது. தேவைப்பட்ட நேரத்தில் போய்ச் சேர முடியாதவள் அவள். முயற்சியில் குறையில்லை, நடுவே நின்றது ஆறு. வெள்ளம் வடிந்ததும் நடந்து வந்து வாசலில் நிற்கிறாள். உள்ளே அவளைப் போலவே இன்னொருத்தி இருக்கக் கண்டு தாயும் மகளும் திகைக்கிறார்கள். வந்தவர் மறைந்து, இறைவனாகக் காட்சி தருகிறார். ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று அந்தக் கதையில் யாரும் அவளைக் கேட்பதில்லை. அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பேரக்குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்கிறாள்.