மருந்துப் பம்பு இடுப்பில் இருக்க, தொழலாமா?

 

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகளை நம்பி வாழும் நம் குடும்பங்களில் புற்றுநோய் கண்டால், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவு மருத்துவமனைக்கோ சென்னைக்கோ ஓடுகிறோம். குடல் புற்றுநோய்க்குரிய ஒரு மருந்தை 46 மணி நேரம் விடாமல் ஏற்றுவார்கள். அதற்கென்று சிறு பம்பைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பும் முறை இன்று உண்டு. அதன் உள்ளிருக்கும் பலூன் சுருங்கச் சுருங்க, மருந்து குழாய் வழியே நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்த ‘போர்ட்’டுக்குள் செல்லும்.

இந்த இரண்டு நாளும் தொழுகையை விட்டுவிடலாமா? அல்லது பம்பைக் கழற்றி வைத்துத் தொழுவதா? இரண்டுமே கூடாது.

பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் போதுமா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்தார். செய்தி எட்டியதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிகவும் கடிந்து கொண்டார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டுத் தெரிவதே என உணர்த்தினார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. தெரியாமல் சொல்லும் மஸ்அலா உயிரையே குடிக்கும் என்பதை நாம் மறக்கலாகாது.

பம்பில் இருப்பது மருந்து; நஜீஸ் அல்ல. அதை இடுப்புப் பையில் வைத்தபடியே தொழலாம். நெஞ்சிலுள்ள கட்டு உளுவின் உறுப்பில் இல்லை. ஆகவே உளுவுக்குத் தடையில்லை. குளிப்புக் கடமையானால் கட்டை நனைக்காமல் மற்ற இடங்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவ வேண்டும். ஷாபிஈ மத்ஹபினர் தயம்முமும் சேர்த்துச் செய்ய வேண்டும். இதனுடன் தரப்படும் ஆக்ஸாலிபிளாட்டின் மருந்தால் குளிர்ந்த நீர் பட்டதும் விரல்கள் குத்தி வலிக்கும். வெந்நீரில் உளுச் செய்யுங்கள். எந்த நீரும் தீங்கு தரும் என்று மருத்துவர் சொன்னால் தயம்மும் உண்டு. ஸுஜூதில் குழாய் இழுபட்டால் உட்கார்ந்து சைகையால் தொழுங்கள். ருகூவைவிட ஸுஜூதுக்குச் சற்று அதிகமாகக் குனியுங்கள். ரமளானாக இருந்தால் நோன்பைப் பிறகு களாச் செய்யலாம்.

வீட்டாருக்கும் கடமை உண்டு. நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்தின் நஞ்சு கலந்திருக்கும். கையுறையின்றித் தொடாதீர்கள், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். அழுக்குத் துணியைத் தனியே அலசுங்கள். பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை உள்ள வாடகை வீடுகளில் இரண்டு முறை நீரூற்றுவது அண்டை வீட்டாரின் ஹக்கு. மருந்து கசிந்தாலோ, பலூன் சுருங்காவிட்டாலோ, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் கண்டாலோ, நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குத் தெரிவியுங்கள். பம்பை நீங்களே அமுக்காதீர்கள், கழற்றாதீர்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியதை மருத்துவரிடமும், மார்க்கத்தை ஆலிமிடமும் வெட்கமின்றிக் கேளுங்கள். நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹுத்தஆலா பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.