காயமுற்ற பவளமும் நம் கடமையும்

பவளம் கல்லன்று, சிற்றுயிர்கள் பல தாம் கட்டிய சுண்ணாம்புக் கூட்டின்மேல் கூடி வாழும் குடும்பம். மேலைநாடுகளில் சிலர் அதனை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கின்றனர். அங்கே அது விழுந்தோ கைபட்டோ காயமுறின் செய்யத்தக்கது யாது?

அறிந்தோர் கூறும் மருத்துவம் எளியது. நீரின் வெப்பம் 25 பாகை செல்சியசை ஒட்டியும், உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு அளவிலும் மாறாதிருத்தல் வேண்டும். மென்மையான நீரோட்டமும் மிகாத ஒளியும் தேவை. தசை நீங்கிய இடத்தில் பாசி படராமல் காத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடிக்கடி தொட்டுப் பாராதிருத்தல் வேண்டும். சிறு புண்ணாயின் ஓரத்துத் தசை தானே வளர்ந்து மூடிக்கொள்ளும்.

சிறைப்படுத்தியவரே பேணுவது அறமாகுமோ என நாம் வினவலாம். சிறைப்படுத்தியதனாலேயே பேணுதல் கடனாகிறது. கடலில் அலை செய்த பணியை அங்கே மனிதரே செய்தாக வேண்டும். ஆயினும் கடனைத் தீர்த்தல் புண்ணியமாகிவிடாது.

நம் மன்னார் வளைகுடாவில் முன்னாளில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் வெட்டப்பட்டன. 2001ஆம் ஆண்டு முதல் கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. சட்டம் தடுப்பதற்கு முன்பே, கொல்லாமையைப் போற்றும் நம் உள்ளம் தடுத்திருக்க வேண்டும். கடலில் வாழ்வதைக் கடலிலேயே வாழவிடுவோம். நம் சிறார்க்கும் அதனையே கற்பிப்போம்.